200 எம்பிபிஎஸ் நெட் பிளானில் 94 மட்டும் வந்தால் கேபிளைப் பாருங்கள்

மோடம் கீழே ஹாலில், தம்பியின் கம்ப்யூட்டர் மாடியில். வைஃபையில் 180 எம்பிபிஎஸ் வரை வருகிறது, கேபிள் போட்டால் 94-ஐத் தாண்டவே இல்லை. இந்த 94-ஐப் பார்த்தாலே கேபிள் மேல் சந்தேகம் வர வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கழிவெல்லாம் போக நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். (மோடம், கம்ப்யூட்டர் இரண்டின் போர்ட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடி. 100-க்கு 2 ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் பலர் வருஷக்கணக்கில் கவனிப்பதே இல்லை.

ஜாக்கை வெட்டிப் பார்த்தோம். பழுப்புக் கம்பி ஒடிந்திருந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை! மேலே கேட் 6 (கேட் என்பது கேபிளின் தர வகை) என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே செம்பு பூசிய அலுமினியம். கடையில் சிசிஏ என்பார்கள். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், மின்தடையும் அதிகம். சுத்தச் செம்பு கேட் 6 வாங்கி மாற்றினோம், முழு வேகமும் வந்துவிட்டது. கேட் எண்ணைவிட முதலில் கேட்க வேண்டியது செம்பா என்பதைத்தான்.

பதில்:
எங்களுக்குக் கேமராவில் இதே கதை. கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. பகலில் நன்றாக ஓடும், இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய அதிகக் கரண்ட் வேண்டும், சிசிஏ கம்பியில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கேமராவையே மாற்றச் சொன்னார்கள். கேபிளை மாற்றினோம், சரியாகிவிட்டது.

பதில்:
கடையில் கேட் 8 வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அது டேட்டா சென்டருக்கானது, 30 மீட்டருக்குள் 40 கிகாபிட் போக. வீட்டு நெட்டுக்குக் கேட் 5இ-யே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் கொடுக்கும். புதிதாகச் சுவருக்குள் இழுப்பதென்றால் கேட் 6 போடுங்கள், 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள், தனிப் பைப் கேளுங்கள். மொட்டை மாடி வழியாகப் போகிறதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள்தான். சாதா கேபிளின் உறை வெயிலில் வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.