தூங்கப் பயந்த பையன்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு உளவளத்துணை வழங்கி வருகிறேன். படிப்பில் கவனமில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று சொல்லித்தான் அழைத்து வருவார்கள். விசாரித்துப் பார்த்தால் பல வேளைகளில் உடம்பைப் பற்றிய பயம்தான் உள்ளே கிடக்கும்.

சாதாரண தரம் படிக்கும் ஒரு பையனை அவனுடைய அம்மா அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) இழந்து கூட்டி வந்திருந்தார். விடியும்வரை விழித்தே இருக்கிறானாம். மணிக்கட்டில் கோடாங்கி மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "தூங்கினால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்டேன். கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தவன், கடைசியில் தரையைப் பார்த்து, "இரத்தமெல்லாம் போய்விடும், மிஸ்" என்றான். நாற்பது துளி இரத்தம்தான் ஒரு துளி விந்தாகிறது என்று லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அண்ணன்மார் சொல்லியிருக்கிறார்கள்.

தாளில் படம் வரைந்து காட்டினேன். விந்தணுக்கள் விதைகளில் (விரைகளில்) ஓயாமல் உருவாகின்றன, திரவத்தில் பெரும்பகுதி சுரப்பிகளில் ஊறுவது, இரத்தம் குறைவதில்லை, தூக்கத்தில் விந்து வெளியேறுவது இந்த வயதின் இயல்பு. "அப்படியென்றால் திரும்பக் கிரிக்கெட் விளையாடலாமா?" என்று உடனே கேட்டான். பலம் போய்விடும் என்று விளையாட்டையே நிறுத்தியிருந்தான் அந்தப் பிள்ளை! இந்த விளக்கம் இல்லாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்திருந்தால் அவனுக்கு என்ன பயன்?

பாடநூலில் இனப்பெருக்கம் இருக்கிறது. வகுப்பிலோ "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே அறையில் குடும்பமே படுத்து எழும்பும் லயத்தில் அதை எங்கே விரித்து வைப்பது?

பெண் பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கி வைத்துச் சடங்கு செய்கிறோம். ஆரம்பத்தில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது வழமை என்று சொல்ல ஆளில்லை. தகாத முறையில் தொடப்பட்ட பிள்ளைகள் தங்கள் உடம்பே கெட்டுவிட்டதாக நம்புகிறார்கள். உறுப்புகளின் பெயர் தெரிந்த பிறகுதான் நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறது. நீ சொல்வது இங்கேயே இருக்கும், ஆனால் யாராவது உனக்குத் தீங்கு செய்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளையின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதம் ஆகாது என்பதையும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்கிறேன்.

தோட்டங்களில் தனியாகப் பேச இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. மாலையில் பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை)த் திறந்து தரச் சொல்லி அங்கே இருந்து பேசுகிறேன். வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.