டி ஃபாக்டோ: நாட்டுக்கு ஒரு சொல், ஏற்புக்கு வேறொரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சட்டப்படி இல்லாவிட்டாலும் நடப்பில் இருப்பதைக் குறிக்கும் ‘டி ஃபாக்டோ’ என்பதற்குத் தமிழில் ‘உண்மை’ என்ற அடைமொழியை முன்மொழிந்த நண்பரின் மடலைப் படித்தேன். ‘உண்மை நாடு’ என்று எழுதினால், சட்டப்படி நிற்கும் நாடு பொய் நாடோ என்று படிப்பவர் ஐயுறுவார்.

காரைக்காலில் இருக்கும் எங்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இவ்வூரின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த பிறகு, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் இறைமை சட்டப்படி மாறியது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை, எங்கள் பக்கத்து நிலவழக்குகளின் மொழியில், அனுபவம் (நிலத்தைக் கையில் வைத்திருப்பது) ஒருவரிடமும் பட்டா வேறொருவர் பெயரிலும் இருந்த காலம் எனலாம். ‘அனுபவ நாடு’ என்றே முன்மொழிய எனக்கு ஆசைதான். பத்திர எழுத்தரைத் தவிர வேறெவரும் அதைச் சரியாகப் பொருள்கொள்ள மாட்டார்கள் என்பதால் ‘நடைமுறை நாடு’ என்கிறேன்.

ஆனால் அதே அடையை ‘டி ஃபாக்டோ ரெகக்னிஷன்’, அதாவது ஒரு நாட்டையோ அரசையோ பிற நாடு வரம்போடு ஏற்பது, என்பதற்கும் ஒட்டுவது தவறு. அங்கே அடை குறிப்பது நாட்டின் நிலையை அன்று, ஏற்பவர் தம் ஏற்புக்கு இடும் வரம்பை. பிரிட்டன் சோவியத் அரசை 1921இல் அப்படி வரம்போடு ஏற்று, 1924இல்தான் முழுமையாக ஏற்றது. இஸ்ரேலின் தற்காலிக அரசை 1948 மே 14 அன்றே வரம்போடு ஏற்ற அமெரிக்கா, முழு ஏற்பை 1949 ஜனவரி 31 வரை தள்ளிவைத்தது. சைப்ரஸிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட வட சைப்ரஸின் நிலை இதற்கு நேர்மாறானது: அதன் 1983ஆம் ஆண்டு விடுதலை அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 541ஆம் தீர்மானம் கூறியது. இருந்தும் துருக்கி அதற்கு அளித்திருப்பது முழு ஏற்பு. நடைமுறை நாடு ஒன்று முழு ஏற்பைப் பெறக்கூடும் என்றால், இரண்டுக்கும் ஒரே அடை குழப்பத்தையே தரும். ஆகவே ‘வரம்புடை ஏற்பு’, ‘முழு ஏற்பு’ என்பன என் பரிந்துரை.

‘ரெகக்னிஷன்’ என்பதற்கு ‘அங்கீகாரம்’ வேண்டாம், அது பள்ளிக்கு அதிகாரி தரும் அனுமதியை நினைவூட்டுகிறது. நாட்டை ஏற்பது அத்தகைய அனுமதி அன்று: ஒரு நாட்டின் அரசியல் இருப்பு பிறர் ஏற்பதைச் சார்ந்ததன்று என, நாடுகளின் உரிமைகளையும் கடமைகளையும் வகுத்த 1933ஆம் ஆண்டு மாண்டிவிடியோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவே சொல்கிறது.

எஞ்சுவது, நாட்டையன்றி அதன் அரசாங்கத்தை மட்டும் ஏற்பதற்கான சொல். ‘ஆட்சியேற்பு’ என்றால் பதவியேற்பு போல் ஒலிக்கிறது. நம் குழுவின் மன்னார்குடி நண்பர் இதற்கு வேறு சொல் தருவாரா?

அன்புடன்,
காரைக்காலிலிருந்து