மூணு கார்டு ஸ்ப்ரெட் போட்டேன், எப்படிப் படிக்கிறதுன்னு யாராவது சொல்லுங்க

பவளமல்லி:

எல்லாருக்கும் வணக்கம். நான் டாரட்டுக்கு (படம் போட்ட சீட்டு எடுத்துக் குறி பாக்குறது) புதுசு. கூட வேலை பாக்குற பொண்ணு என் பொறந்தநாளுக்கு ரைடர் வெய்ட்னு ஒரு டாரட் டெக் (சீட்டுக்கட்டு) வாங்கிக் குடுத்தா, ரெண்டு மாசமா காலையில ஒரு கார்டு எடுத்துப் பாத்துட்டு வர்றேன். முந்தாநேத்து ராத்திரிதான் முதல் தடவையா பெரிய விஷயத்துக்கு ஸ்ப்ரெட் (ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அர்த்தம் வெச்சு கார்டை வரிசையாப் போடறது) போட்டேன், போட்டதுல இருந்து குழப்பம் இன்னும் கூடிப் போச்சு.

நான் நர்ஸ், 11 வருஷ சர்வீஸ். ஓஇடி (மருத்துவத் துறைக்காரங்க வெளிநாட்டு வேலைக்கு எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட்) பாஸ் பண்ணி இன்டர்வியூவும் முடிஞ்சு இங்கிலாந்துல இருந்து ஆஃபர் வந்திருக்கு, மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அப்பா தவறி 4 வருஷம் ஆச்சு, அம்மாவுக்கு சுகர், முட்டிவலி, நான் கிளம்பிட்டா திருச்சியில அவங்களைப் பாக்க ஆள் இல்ல. ஆனா வீட்டுக் கடன் இருக்கு, இங்க வாங்குற சம்பளத்துல அது எப்ப அடையும்னே தெரியல. மூணு வாரமா சரியாத் தூங்கல.

ஷஃபிள் பண்றப்போ "இங்கிலாந்து போகலாமா வேண்டாமா"ன்னு கேட்டேன். மூணு இடம்: இப்ப என் நிலைமை, எது தடுக்குது, நான் எதைப் பாக்கணும். வந்தது டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், சிக்ஸ் ஆஃப் கப்ஸ் தலைகீழா, சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். டெக்கோட வந்த குட்டிப் புத்தகத்துல கடைசி கார்டுக்குத் தண்ணி மேல பயணம்னு இருந்துச்சு, பாத்ததும் அப்ப போகச் சொல்லுதுன்னு சந்தோஷம், அஞ்சு நிமிஷத்துல வயித்தைக் கலக்குச்சு, மறுபடி ஷஃபிள் பண்ணி இன்னும் ரெண்டு தடவை போட்டேன், அதுல ஒரு தடவை டவர் (இடி விழுந்து உடையுற கோபுரம், எல்லாரும் பயப்படுற கார்டு) வந்துச்சு. இப்ப எதை நம்புறது? தலைகீழா வந்தா கெட்டதா?

கூகை:

சிஸ்டர், முதல்ல அந்த ரெண்டாவது மூணாவது தடவை போட்டதை விட்டுருங்க. பயத்துல திரும்பத் திரும்பப் போட்டா மனசுக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் கை நிக்காது, நான் ஆரம்பத்துல ஒரே ராத்திரியில ஏழு தடவை போட்டிருக்கேன், விடியும்போது அழுகைதான் மிச்சம். கெல்டிக் கிராஸ்னு 10 கார்டு வெச்சுப் போடற பெரிய ஸ்ப்ரெட்டைப் போடாம மூணோட நிறுத்தினது நல்ல விஷயம்.

தலைகீழா வந்ததுக்கு பயப்படாதீங்க. நிறைய பேர் ரிவர்ஸ்டு பாக்குறதே இல்ல, நேரா திருப்பி வெச்சுப் படிப்பாங்க. மொத்தம் 78 கார்டு, முதல்ல அதோட பழகவே ஒரு வருஷம் ஆகும், தலைகீழ் அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வியைத்தான் மாத்தணும். போகலாமா வேண்டாமான்னு கேட்டா, வர்ற எல்லாப் படத்தையும் நாம சரி, இல்லன்னு ரெண்டே டப்பாவுல போட்டு மூடிடுவோம். "இந்த விஷயத்துல நான் எதைப் பாக்காம இருக்கேன்"னு கேளுங்க. புதுசா எடுக்க வேண்டாம், அதே மூணு கார்டு போதும்.

இன்னொண்ணு, புத்தகத்தை மூடி வைங்க. இந்த டெக்கை வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித், வெளிவந்தது 1909ல லண்டன்ல. அதுக்கு முன்னாடி புழக்கத்துல இருந்த மார்செய் மாதிரி டெக்ல ஆறு கோப்பைன்னா வெறும் ஆறு கோப்பைதான் இருக்கும், சீட்டுக்கட்டு மாதிரி. இந்தம்மாதான் 56 மைனர் கார்டுக்கும் (கோப்பை, கத்தி மாதிரி நாலு வகையில வர்ற கார்டு) ஆளு, வீடு, தண்ணி, வானம்னு முழுசா படம் போட்டாங்க. பேரு என்னமோ வரையச் சொன்ன வெய்ட் பேரும் வெளியிட்ட ரைடர் கம்பெனி பேரும்தான் இத்தனை வருஷமா நிக்குது, எனக்கு அது ரொம்ப வருத்தம். அந்தப் படங்கள்தான் இந்த டெக்கோட உயிரே, நீங்க அதைப் பாக்காம அர்த்தத்துக்குப் போயிட்டீங்க. ஒவ்வொரு கார்டுலயும் யார் இருக்காங்க, என்ன பண்றாங்க, அதுல நீங்க யாருன்னு கையால எழுதுங்க. முடிஞ்சா இங்கயும் போடுங்க.

கணக்கு வாத்தியார்:

நான் இதை நம்புறவன் இல்ல, ஆனா நீங்க கேட்ட விஷயம் உங்க வாழ்க்கை சம்பந்தப்பட்டதுங்கறதால எழுதறேன்மா. டாரட் 15ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில விளையாட்டுச் சீட்டா ஆரம்பிச்சது. 1781ல கூர் த ஜெபலான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இது பழைய எகிப்து ஞானம்னு ஆதாரமே இல்லாம எழுதினார், அதுக்கப்புறம்தான் இதுக்கு இவ்வளவு மரியாதை. 1948ல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு உளவியல் ஆசிரியர் மாணவங்களுக்கு டெஸ்ட் வெச்சு, எல்லாருக்கும் ஒரே குறிப்பை உன்னோட குணம் இதுதான்னு தனித்தனியா குடுத்தார், 5க்கு சராசரியா 4க்கு மேல மார்க் போட்டாங்க, அவ்வளவு பொருந்துதாம். பொதுவா எதைச் சொன்னாலும் நம்ம மனசு அதைத் தனக்குன்னு எடுத்துக்கும். அதனால கார்டு போகச் சொல்லுச்சுன்னு கையெழுத்து போட்டுறாதீங்க. கடன், வட்டி, அங்க கையில நிக்கற சம்பளம் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

கூகை சொல்ற மாதிரி படத்தைப் பாத்து எழுதறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, அது டைரி எழுதற மாதிரிதான்.

மானாமதுரை அத்தை:

எங்க ஊர்ல பூக்கட்டிப் பாப்போம் கண்ணு, செவப்பும் வெள்ளையும் தனித்தனிப் பொட்டலமா மடிச்சு சாமி முன்னாடி போட்டு ஒரு புள்ளைய எடுக்கச் சொல்லுவோம். எது வந்தாலும் கட்டுப்படுவேன்னு முதல்லயே மனசுல வெச்சுக்கணும், வந்த பொறவு இன்னொரு தடவை போடக் கூடாது, அதைப் பேசவும் கூடாது. என் பெரிய மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை அப்படித்தான் விட்டோம், இன்னிக்கு வரைக்கும் வீட்ல யாரும் ஏன்னு கேட்டதில்ல. நீ மூணு தடவை போட்டேன்னு சொல்லும்போதே தெரியுது, உனக்குக் கட்டுப்பட மனசு இல்ல. தப்புன்னு சொல்லல. அப்போ முடிவை அதுங்கிட்ட கேக்காத, வேற எதையாவது கேளு.

பவளமல்லி:

எல்லாருக்கும் நன்றி. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து தூங்காம உக்காந்து எழுதினேன், அப்படியே போடறேன்.

டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ்ல வெள்ளை டிரஸ் பொண்ணு, கண்ணுல துணி கட்டியிருக்கு, ரெண்டு கத்தியையும் நெஞ்சுக்குக் குறுக்கே பிடிச்சிருக்கா, பின்னாடி கடல். கையைக் கீழ எறக்கினாத்தான் அந்தத் துணியை அவுக்க முடியும். அது நான்தான், அதுல சந்தேகம் இல்ல.

சிக்ஸ் ஆஃப் கப்ஸை நேரா திருப்பி வெச்சேன். பழைய வீட்டு முற்றம், கோப்பையில எல்லாம் பூ, பெரிய பையன் ஒருத்தன் சின்னப் பொண்ணுக்குப் பூ வெச்ச கோப்பையைக் குனிஞ்சு குடுக்கிறான். இடது பக்கம் பின்னாடி ஒரு ஆளு ஈட்டியோட நடந்து போயிட்டு இருக்கார், இத்தனை நாள்ல நான் அவரைப் பாத்ததே இல்ல. அவர் காவல்காரர் மாதிரி இருக்கார், ஆனா திரும்பிப் பாக்காம போறார். இதுல நீங்க யாருன்னு கேட்டீங்கல்ல, எனக்கு அந்தப் போற ஆளுதான்னு தோணுச்சு.

சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்ல படகு. தலையில துணி போத்தின ஒரு பொம்பளை, பக்கத்துல ஒரு குழந்தை, பின்னாடி நின்னு துடுப்பு தள்ளுற ஆளு. பயணம்னதும் நான் ஒருத்தி ஃபிளைட் ஏறுறதாத்தான் நெனச்சேன், ஆனா படகுல மூணு பேர் இருக்காங்க.

எங்க அக்கா இறந்து 7 வருஷம் ஆச்சு. அவ பையன் ரெண்டு வயசுல இருந்து எங்க வீட்லதான், இப்ப அவனுக்கு 9. என்னை சித்திம்மான்னுதான் கூப்பிடுவான். நான் இங்க மேல எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாத்தேன், அம்மா பத்தி இருக்கு, கடன் பத்தி இருக்கு, அவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வீட்லயும் அப்படித்தான் போயிட்டு இருக்கு, அம்மாவை யார் பாக்கறதுன்னே பேசறோம், அவன் பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருப்பான். இதை டைப் பண்ணும்போது கை நடுங்குது.

கூகை:

ஒண்ணும் அவசரம் இல்ல சிஸ்டர். இன்னிக்கு வேற கார்டு எடுக்காதீங்க. தூங்கி எழுந்து அம்மாகிட்ட பேசுங்க.

மானாமதுரை அத்தை:

அந்தப் பையங்கிட்டயும் பேசு கண்ணு. ஒம்போது வயசுப் புள்ளைக்கு எல்லாம் புரியும்.

பவளமல்லி:

நாலு நாள் ஆச்சு, எழுதணும்னு இருந்தேன். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி கணக்கு போட்டேன், வாடகையும் சாப்பாடும் போக நான் நெனச்ச அளவு மிஞ்சாது, இருந்தாலும் இங்கயே இருந்தா ஆகறதை விட சீக்கிரம் கடன் அடையும். அம்மாகிட்ட பையனைப் பத்திக் கேட்டப்போ ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அவன் உன் பெட்டியை ரெண்டு தடவை எடுத்து ஒளிச்சு வெச்சான், நான்தான் திரும்ப மேல வெச்சேன்"னு சொன்னாங்க.

ஆஃபர் குடுத்தவங்ககிட்ட இன்னும் 10 நாள் டைம் கேட்டு மெயில் போட்டிருக்கேன். அக்கா வீட்டுக்காரர் வேற கல்யாணம் பண்ணிட்டு ஓசூர்ல இருக்கார், ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கணும். பையனை சட்டப்படி என் பொறுப்புல எடுக்க முடியுமா, எடுத்தா கூட்டிட்டுப் போக வழி இருக்கான்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் விசாரிச்சதே இல்ல. இங்க யாராவது தத்து இல்லேன்னா கார்டியன் பேப்பருக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தா தனி மெசேஜ்ல சொல்லுங்க, எந்த நேரம்னாலும் பரவால்ல, நைட் டியூட்டியில முழிச்சுட்டுத்தான் இருப்பேன்.