கொடுமுடி சொந்தபந்தம்

பாப்பா (காலேஜ்): எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல பேச்சுப் போட்டி, தலைப்பு "மேடையும் வீடும்". நம்மூர் பாடகி, நடிகை கே.பி.சுந்தராம்பாள் பத்திப் பேசலாம்னு இருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க, நாளான்னிக்குப் பேசணும்.

கோயமுத்தூர் மாமா: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] 🌹காதல் தெய்வம் கே.பி.எஸ்.🌹 கணவர் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25! அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை 1980இல் கண்மூடும் வரை மாற்றவே இல்லை! உண்மைக் காதலை மதிப்பவர்கள் பகிரவும் 🙏

கோயமுத்தூர் மாமா: இதையே அப்படியே பேசிரு சாமி. பாதிப் பேரு அழுதுருவாங்க.

பெரியம்மா: தம்பி, இதைப் போன வருசமும் போட்ட. அந்தம்மா பாடிச் சம்பாதிச்ச கதை அதுல ஒரு வரி இருக்குதா?

கோயமுத்தூர் மாமா: நீங்களே சொல்லுங்கக்கா 😄

பெரியம்மா: எழுதிக்க பாப்பா. பொறந்தது 1908, இங்கதான். அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, சாப்பாட்டுக்கே கஷ்டம். ரயில்ல பாடிக் காசு வாங்கின புள்ளை. வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்து, அங்கிருந்து இலங்கைக்குப் போய் நடிச்சு, நல்லாப் பேரெடுத்தாச்சு. கிட்டப்பாவை ஜோடியாப் பார்க்கறதே அதுக்கப்புறம்தான். அவரால வந்த பேரு இல்ல.

பெங்களூர் அண்ணன்: கிட்டப்பா சினிமா ஹீரோவா?

அப்புச்சி: சினிமாவா? தமிழ்ல பேசும்படம் வந்ததே 1931ல. அவரு நாடகத்து ராஜபார்ட், அதாவது கதாநாயக வேசக்காரர். செங்கோட்டைக்காரர். கன்னையா நாடகக் கம்பெனியோட தசாவதாரத்துல பரதன் வேசம் கட்டுனா கொட்டகை நெறஞ்சிரும்னு எங்கப்பன் சொல்லுவாரு. மைக் கெடையாது. கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கும் சாகித்யம், பாட்டு வரி, புரியோணும்.

பெரியம்மா: அவரோட "எவரனி" இசைத்தட்டு யூடியூப்ல இருக்குது, கேளு. இரைச்சலைத் தாண்டிக் கேக்கணும். மேல போன குரல் அங்கயே நின்னு விளையாடும். எனக்கு அதுல அந்தக் குரலைத் துரத்தற ஆர்மோனியம்தான் ரொம்பப் பிடிக்கும். அவரோட அண்ணன் காசி அய்யர் அவருக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். குடும்பமே நாடகத்தை நம்பி இருந்தது.

பாப்பா: ரெண்டு பேரும் எந்த நாடகத்துல சேர்ந்து நடிச்சாங்க பெரியம்மா?

பெரியம்மா: பேர் போனது வள்ளி திருமணம். ஸ்பெஷல் நாடகம்னா வேற கணக்கு. கம்பெனி மாதிரி மாசக்கணக்குல ஒத்திகை இருக்காது. அங்கங்க இருந்து ஆள் வருவாங்க, ராத்திரி மேடையிலதான் பார்த்துக்குவாங்க. தினைப்புனத்துல வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம். எழுதி வெச்சது கொஞ்சம், அப்பப்ப எடுத்து விடறது மிச்சம். அவர் ஒரு பிடி பிடிச்சா அதுக்கு மேல இவங்க பிடிக்கணும், இல்லைன்னா சனமே சத்தம் போட்டுரும். அவரோட பாட்டைக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு எதிர்ல நின்னு ஈடு குடுக்கறது லேசுப்பட்ட காரியமா?

கோயமுத்தூர் மாமா: அங்கதானக்கா காதல் 😍

சித்தி: அத்தான், அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்ததுங்க. உங்க மெசேஜ்ல அதைக் காணமே.

பெரியம்மா: சரியாக் கேட்ட. கிட்டம்மாள்னு அவங்க பேரு. எந்தப் பேச்சுப் போட்டியிலயும் அந்தப் பேர் வராது. பாப்பா, நீ ஒரு தடவையாவது சொல்லிரு.

பெரியம்மா: இன்னொண்ணு. கிட்டப்பா செங்கோட்டையில இருந்தப்ப சுந்தராம்பாள் இங்கிருந்து எழுதின கடிதம் எல்லாம் பின்னாடி அச்சுல வந்துச்சு. பாதி ஏக்கம், பாதி சண்டை. பொறந்த குழந்தையும் தங்கலை. இதையெல்லாம் ரோசாப்பூ போட்டுச் சொல்ல முடியாது தம்பி.

பெங்களூர் அண்ணன்: மாமா டைப்பிங்... டைப்பிங்... 😂

கோயமுத்தூர் மாமா: டேய் சும்மா இர்றா. அக்கா, அப்ப வெள்ளைச் சேலை பொய்யா?

பெரியம்மா: யாரு பொய்யின்னா? 1933 டிசம்பர்ல கிட்டப்பா போனப்ப அவருக்கு 27 வயசு. அந்தம்மா துக்கம் நெசம். இனி ஆம்பளைக்கு ஜோடியா நடிக்க மாட்டேன்னாங்க, அதுவும் நெசம். ஆனா வீட்ல மூலையில உக்காந்திருக்கலையே. 1935ல நந்தனார் படம். இவங்களே நந்தனார், ஆம்பளை வேசம்! நந்தனாரோட பண்ணை முதலாளி வேதியரா வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஜோடிங்கற பேச்சுக்கே இடமில்லை. சம்பளம் 1 லட்சம்.

பெங்களூர் அண்ணன்: 1935ல ஒரு லட்சமா!!!

சித்தி: நடிக்க இஷ்டமில்லாம, ஆளை விரட்டத்தான் அந்தத் தொகையக் கேட்டாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. படக்காரங்க சரின்னுட்டாங்களாம்.

பெரியம்மா: அப்புறம் வந்த வேசத்தைப் பாரு. மணிமேகலை. 1953ல ஔவையார். பூம்புகார்ல கவுந்தியடிகள். திருவிளையாடல்ல மறுபடி ஔவை. காரைக்கால் அம்மையார். எல்லாமே துறவியும் பக்தையும். ஒரு வேசத்துக்கும் காதலன் வேண்டியதில்லை. தாலி போனவ மேடை ஏறுனா என்னென்ன பேசியிருப்பாங்க அந்தக் காலத்துல? விபூதியும் வெள்ளைச் சேலையும் கட்டிட்டு வந்து நின்னா எவன் வாய் தொறப்பான்? என்னைக் கேட்டா, அந்தம்மா யோசிச்சுத்தான் வேசம் எடுத்தாங்க.

பாப்பா: அப்ப சேலை தொழிலுக்குன்னு சொல்றீங்களா?

சித்தி: அக்கா, அப்படிச் சொன்னா மனசு ஒப்பலை. 25 வயசுப் பொண்ணு அவ்வளவு கணக்குப் போட்டிருப்பாளா?

பெரியம்மா: ரயில்ல பாடிச் சோறு தின்னவளுக்கு 25 வயசுல கணக்குத் தெரியாதா? துக்கமும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். நீ ஒப்பாட்டிப் போ.

அப்புச்சி: 🎤 குரல் செய்தி 1:42

சித்தி: பாப்பா, நீ ஹாஸ்டல்ல இருக்க, கேக்க முடியாது. அப்புச்சி சொல்றது: ஔவையார் படம் வந்தப்ப அவருக்குப் பத்து வயசு, டென்ட் கொட்டாயில மணல்ல உக்காந்து பார்த்தாராம். பாட்டு வரும்போது ஆத்தா எந்திரிச்சுக் கும்பிட்டாங்களாம். பின்னாடி உக்காந்திருந்தவன் "மறைக்குது, உக்காருங்க"ன்னு சத்தம் போட்டானாம்.

பாப்பா: 😂😂 இதைக் கண்டிப்பாச் சொல்றேன். பெரியம்மா, இப்படி ஆரம்பிக்கட்டுமா? "கிட்டப்பாவுக்கு முன்னும் மேடை இருந்தது, பின்னும் மேடை இருந்தது. அந்த மேடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்."

பெரியம்மா: நல்லா இருக்குது கண்ணு. எத்தனை நிமிசம்?

பாப்பா: அஞ்சு. மணி அடிச்சா நிறுத்திரணும்.

பெரியம்மா: அப்ப இலங்கையை ஒரே வரியில முடிச்சிரு. வள்ளி திருமணத்துக்கு ஒண்ணரை நிமிசம் குடு. சட்ட மேலவை உறுப்பினரா இருந்தது, 1970ல பத்மஸ்ரீ வாங்கினது ரெண்டையும் நேரம் இருந்தாச் சொல்லு. நடுவுல ஒரு வரியாவது பாடு. கே.பி.எஸ். பத்திப் பேசிட்டுப் பாடாம எறங்குனா நம்மூருக்கே மரியாதை இல்லை.

பாப்பா: எனக்குப் பாட வராதே 😭

அப்புச்சி: பழம் நீயப்பா பாடு சாமி. எல்லாருக்கும் தெரியும், கூடவே பாடிருவாங்க.