தாத்தாவின் காலுக்குப் பின்னால் இருப்பது பெரிய சக்கரமா, சின்னச் சக்கரமா?

மாயூரத்துப் பேரன்:
வணக்கம். அம்மாவின் பழைய பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஓரத்தில் மாயூரம் சந்திப்பின் பெயர்ப்பலகை. நடுவில் பக்கவாட்டில் நிற்கும் நீராவி எஞ்சின். அதை ஒட்டி என் தாத்தா, இடுப்பில் கை வைத்தபடி. மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில், எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். படத்தின் பின்புறம் பென்சிலில் 1946 என்று மட்டும் இருக்கிறது.

இந்த எஞ்சினை ஹெச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், மாதிரியாகச் செய்ய ஆசை. என்ன வகை என்பதிலேயே சிக்கிக்கொண்டேன். மாமா "டபிள்யூ.பி." என்று அடித்துச் சொல்கிறார். பின்னாலிருந்து எண்ணினால் ஒரு சின்னச் சக்கரம், மூன்று பெரிய சக்கரங்கள், பிறகு தாத்தாவின் காற்சட்டை மறைக்கும் ஒரு சக்கரம், முன்கோடியில் ஒரு சின்னச் சக்கரம். எண் வெளுத்துவிட்டது. எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில் 'எஸ்', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. நடுவில் இருந்த 'ஐ' அழிந்திருக்க வேண்டும்.

கரிப்புகை:
மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அது டபிள்யூ.பி. அல்ல. 'டபிள்யூ' அகலப்பாதைக்கு, 'ஒய்' மீட்டர் கேஜுக்கு. டபிள்யூ.பி.யின் மூக்கு துப்பாக்கிக் குண்டு போலக் கூம்பியிருக்கும். உங்கள் எஞ்சினின் முகம் தட்டையாக இருந்தால் ஒய்.பி. அல்லது ஒய்.ஜி. என்று தேடத் தொடங்கலாம். ஒய்.பி. பயணிகள் வண்டிக்கு, 4-6-2. ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கு, 2-8-2. முன்னால் சின்னவை, நடுவில் பெரியவை, பின்னால் சின்னவை என்ற வரிசையில், இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்த கணக்கு இது; ஒரு பக்கம் மட்டும் தெரியும் படத்தில் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

மாயூரத்துப் பேரன்:
முகம் தட்டைதான். ஆனால் பாதியாக்கினால் ஒன்று 2, 3, 1. மற்றொன்று 1, 4, 1. இரண்டுக்கும் கூட்டல் ஆறுதானே!

கரிப்புகை:
ஆமாம், உங்கள் வழக்கே அந்த ஒரு சக்கரத்தில்தான் தொங்குகிறது. சின்னதென்றால் ஒய்.பி., பெரியதென்றால் ஒய்.ஜி. தாத்தா நிற்பதற்கு வேறு இடம் பார்த்திருக்கலாம்.

சைடுராடு:
சிலிண்டரிலிருந்து வரும் தடித்த கனெக்டிங் ராடு எந்தச் சக்கரத்தில் முடிகிறது என்று பாருங்கள். 4-6-2 எஞ்சினில் பெரும்பாலும் நடுப்பெரிய சக்கரத்தில் முடியும். 2-8-2இல் மூன்றாவது பெரிய சக்கரத்தில்.

பொன்மலை ரசிகன்:
பொதுவாக நல்ல வழி. இந்தப் படத்துக்கு மட்டும் உதவாது. நான்கில் மூன்றாவது எது? முதலாவது தாத்தாவுக்குப் பின்னால் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் மூன்றில் அது நடுச்சக்கரம்! ஒய்.பி.யிலும் அதே இடம்தான். இரண்டு வகையும் ஒரே மாதிரி பொய்ச்சாட்சி சொல்லும்.

சைடு ராடைப் பாருங்கள். பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கும் கம்பி அது. தாத்தாவுக்கு மிக அருகில் தெரியும் பெரிய சக்கரத்தோடு அது முடிந்துவிடுகிறதா, அல்லது முன்னோக்கி நீண்டு அவர் காலுக்குப் பின்னால் போகிறதா? ஒய்.ஜி. என்றால் அந்த இடைவெளியில் கனெக்டிங் ராடு, சைடு ராடு என இரண்டு கம்பிகள் இருந்தாக வேண்டும். ஒய்.பி. என்றால் கனெக்டிங் ராடு மட்டும்தான். கைப்பேசியில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். மூலப்படத்தை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள்.

இன்னொன்று, அந்த 1946 எனக்கு உறுத்துகிறது. ஒய்.பி., ஒய்.ஜி. இரண்டுமே 1949இல்தான் வரத் தொடங்கின. டெண்டரில் உண்மையிலேயே 'ஐ' இருந்ததா? தென்னிந்திய ரயில்வே என்றால் எஸ்.ஐ.ஆர். அதையும் மதராஸ் தென் மராட்டா ரயில்வேயையும் மைசூர் ரயில்வேயையும் இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14 அன்று. அதற்குப் பிறகுதான் எஸ்.ஆர். இரு எழுத்துகளுக்கும் நடுவே மூன்றாவது எழுத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

மாயூரத்துப் பேரன்:
நேற்று இரவு ஸ்கேன் செய்தேன். சைடு ராடு மூன்றாவது பெரிய சக்கரத்திலேயே முடிந்துவிடுகிறது. தாத்தாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்பிதான். டெண்டரில் 'ஐ'க்கு இடமே இல்லை, இரண்டு எழுத்துகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மேல் அழுக்கு என்று நினைத்திருந்தது இந்தி எழுத்து!

கரிப்புகை:
ஒய்.பி.! 871 எஞ்சின்கள் கட்டப்பட்ட வகை. அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவை போக, மிச்சம் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ தொழிற்சாலையில் 1970 வரை கட்டியவை. எண் தெரிந்தால் எந்தப் பட்டறை என்றும் சொல்லிவிடலாம்.

பன்னிரண்டு மில்லி:
மாதிரி செய்யப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம், ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கான அளவு. 1000 மி.மீ. மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் சுமார் 11.5 வரும், 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவதுதான் வழக்கம். ஒய்.பி.யை 16.5இல் நிறுத்தினால் ஒல்லி மனிதருக்குத் தொளதொளச் சட்டை போட்டதுபோல் இருக்கும்.

டி.டி. அளவு (1:120) எஞ்சின்களும் 12 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன, அதனால் அடிச்சட்டத்தை அங்கே தேடுங்கள். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1372 மி.மீ.; உங்கள் அளவில் 15.8. ஜெர்மனியின் 01 வகையும் 4-6-2தான், அதன் சக்கரம் 2000 மி.மீ.; 1:120இல் 16.7. ஒரு மில்லிமீட்டர் கூடுதல். எனக்கு அது உறுத்தாது, பொன்மலைக்காரருக்கு உறுத்தும். சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். மேல்கூட்டைப் பித்தளைத் தகட்டில் நீங்களே மடித்துக்கொள்ளலாம்.

பொன்மலை ரசிகன்:
உறுத்தும்தான்.

மாயூரத்துப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. 1946 பற்றி அம்மாவிடம் கேட்டேன். அது தாத்தா கிளீனராக வேலைக்குச் சேர்ந்த வருடமாம். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் பின்னால் அதையே எழுதுவாராம். மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணில் கடைசி இலக்கம் 4 என்று மட்டும் தெரிகிறது. மறுபடி ஸ்கேன் செய்து போடுகிறேன்.