ஜப்பான் மிங்கேய் கண்காட்சிக்கு போனவங்க இங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

மயிலாப்பூர் பொண்ணு:

டோக்கியோ வந்து மூணு வருஷம் ஆச்சு, ஆனா கோமாபாவுல இருக்கற நிஹோன் மிங்கேய்கான்ங்கற மியூசியத்துக்கு போன வாரம்தான் போக வாய்ச்சுது, வந்ததுலேர்ந்து அதே நெனப்பாவே இருக்கு, அதான் எழுதறேன். ஷிபுயாவுல இனோகஷிரா லைன் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன், இறங்கி வீடுங்க நடுவுல கொஞ்ச நேரம் நடந்தா பெரிய பழைய வீடு மாதிரி ஒரு கட்டடம். யானகி சோயெட்சுங்கற கலைச் சிந்தனையாளர் 1936-ல திறந்தது, கட்ட பணம் குடுத்தவர் குராஷிகி மில் முதலாளி ஓஹாரா மகோசாபுரோ. தெரியாதவங்களுக்கு சொல்றேன், மிங்கேய்னா சாதாரண ஜனங்களோட கலை. 1925-ல யானகியும், ஹமாதா ஷோஜி, கவாய் கான்ஜிரோன்னு ரெண்டு மட்பாண்டக் கலைஞர்களும் சேர்ந்து உண்டாக்கின வார்த்தை. தினம் சாப்பிடற கிண்ணம், வயல்ல போட்டுக்கற சட்டை, தண்ணி ஜாடி, செஞ்சவங்க பேரே தெரியாத இந்த சாமான்லதான் நெசமான அழகு இருக்குன்னு அடிச்சு சொன்னவர் யானகி.

உள்ள விளக்கம் எழுதின போர்டே அனேகமா கெடையாது. சின்ன கருப்புப் பலகை, அதுல சிவப்பு எழுத்துல கையால எழுதின பேர், ஊர், காலம், அவ்ளோதான். மொதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு, டிக்கெட் எடுத்து வந்தவங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு. கொஞ்ச நேரம் போனதும் பார்த்தா, படிக்க ஒண்ணும் இல்லாததால கண்ணு பொருள விட்டு நகரவே மாட்டேங்குது. மொதல்ல பாரு, அப்புறம் தெரிஞ்சுக்கோங்கறதுதான் யானகியோட வழியே.

நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு கோகின் சட்டை முன்னாடி, கோகின்னா ஒரு வகைத் தையல் வேலை. வடக்கு ஜப்பான்ல அவோமோரில சுகாரு பக்கத்துது. பனி கொட்டற ஊரு, ஆனா அந்தக் காலத்துல குடியானவங்க பருத்தித் துணி உடுத்தக்கூடாதுன்னு தடை, சணல் மாதிரி நார்ல நெய்ஞ்சதுதான் உடுத்தணும், அதுல குளிர்காத்து சும்மா புகுந்து போகும்ல, அதனால பொம்பளைங்க வெள்ளைப் பருத்தி நூல வெச்சு அந்த இடைவெளியையெல்லாம் தைச்சே அடைச்சிருக்காங்க, இழைய ஒண்ணு மூணு அஞ்சுன்னு ஒத்தப்படையா எண்ணி எண்ணி. அப்படியே அது வைரக்கட்டமா விழுந்திருக்கு. கிட்ட போய் பார்த்தேன், தோள்பட்டையில சுமை உரசின இடத்துல மட்டும் நூல் தேஞ்சு பழுப்பேறிப் போயிருந்துச்சு. தொண்டை அடைச்சிருச்சு எனக்கு.

இன்னொண்ணு. கோடு போட்ட பருத்தித் துணி ஒண்ண பார்த்துட்டிருந்தப்ப பக்கத்துல ஒரு பாட்டி எந்த ஊரும்மான்னு கேட்டாங்க. சென்னைன்னேன். உடனே அவங்க அந்தக் கோட்டக் காட்டி "சாந்தோமே"ன்னாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, நான் பொறந்து வளர்ந்ததே சாந்தோம் சர்ச் பக்கத்துல! எடோ காலத்துல (1603-1868) டச்சுக் கப்பல்ல நம்ம சோழமண்டலக் கரையிலேர்ந்து நாகசாகிக்கு வந்த கோடு போட்ட துணிக்கு, போர்த்துக்கீசியர் நம்ம மயிலாப்பூருக்கு வெச்ச சாந்தோம்ங்கற பேரையே வெச்சிருக்காங்க. அப்புறம் அத பார்த்து இங்கேயே நெய்ய ஆரம்பிச்சு, தோசான்னு பேர் ஆகி, சிபா பக்கம் ததேயாமாவுல இன்னும் நெய்யறாங்களாம். நம்ம ஊர் தறிக்காரங்க யாரு நெய்ஞ்சதோ, அவங்க பேரும் எங்கயும் இல்ல, ஊர் பேரு மட்டும் இங்க தங்கிடுச்சு.

ஃபுகுவோகா மதுரைக்காரன்:

அக்கா, சாந்தோம் விஷயம் படிச்சு புல்லரிச்சுப் போச்சு. நான் மியூசியம் போனதில்ல, ஆனா ஓய்தால ஹிதா பக்கம் மலைக்குள்ள ஓந்தான்னு ஒரு குயவர் ஊருக்கு அக்டோபர் திருவிழாவுக்கு போனேன். தெருவே கண்காட்சிதான்க்கா, வீட்டு வாசல்லயே பலகை போட்டு தட்டு, கிண்ணம், ஜாடி எல்லாம் அடுக்கி வெச்சிருப்பாங்க. 1705-ல தொடங்கின தொழில், கொஞ்சம் குடும்பங்கதான், அப்பாகிட்டேர்ந்து புள்ளைக்கு. மண் இடிக்க மெஷின் கெடையாது, ஓடைத் தண்ணியிலேயே வேலை. பெரிய மரக்கட்டையோட ஒரு முனையக் குடைஞ்சு வெச்சிருக்காங்க, தண்ணி ரொம்பினதும் அந்தப் பக்கம் சாய்ஞ்சு கொட்டிடும், உடனே மறுமுனை மண்ணு மேல தொம்முனு விழும். ராப்பகலா இதே சத்தம்தான். நான் ஓடை ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்துட்டேன், கடைசி பஸ் போயிருச்சு, ஒரு கடைக்காரம்மாதான் அவங்க வண்டில ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விட்டாங்க.

நான் வாங்கின தட்டுல மழை பெஞ்ச மாதிரி சின்னச் சின்ன வெட்டு வரிவரியா சுத்தி வருது. வெள்ளை மண் பூசி பாதி காஞ்ச தட்ட சக்கரத்துல சுத்த விட்டு, வளைஞ்ச இரும்புத் தகட்ட மேல வெச்சா அது துள்ளித் துள்ளி ஓடுமாம், அந்தத் துள்ளல்தான் டிசைன். அடியில திருப்பிப் பார்த்து எந்த வீட்டுதுன்னு கேட்டேன், ஓந்தான்னு ஊர் பேருதான் போடுவோம், தனி ஆள் பேரு போடறது இல்லன்னாங்க.

மயிலாப்பூர் பொண்ணு:

தம்பி, அந்தத் தட்டுல சாப்பிடறீங்களா, இல்ல ஷோகேஸ்ல வெச்சிருக்கீங்களா?

ஃபுகுவோகா மதுரைக்காரன்:

தினம் அதுலதான்க்கா. நேத்து புளிக்குழம்பு ஊத்தினேன், அந்த வெட்டுல எல்லாம் போய் தங்கிடுச்சு, தேங்கா நார் போட்டு மெதுவா தேய்ச்சதுல போயிருச்சு.

மயிலாப்பூர் பொண்ணு:

நல்ல காரியம் பண்ணீங்க. நானும் வருஷக் கடைசில மிங்கேய்கான்ல புதுக் கைவேலைங்க வெக்கற கண்காட்சிக்கு போலாம்னு இருக்கேன், அங்க விக்கவும் செய்வாங்க. ரசஞ்சோத்துக்கு ஆழமா ஒரு கிண்ணம் வேணும்.