திருகோணமலையில் நம்பிக்கையான உளவளத்துணையாளர் ஒருவர் தேவை

வணக்கம். என் நண்பன் தற்பாலீர்ப்பாளன். இரண்டு மாதத்துக்கு முன் டச்பே கடற்கரைப் பக்கம் மூன்று பேர் அதைச் சொல்லிச் சொல்லியே அவனை அடித்தார்கள். கைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் இருட்டினால் வெளியே வரமாட்டான், கதவு சாத்தும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறான்.

"உனக்குப் பயந்த சுபாவம், அதுதான் இப்படி" என்கிறார்கள் வீட்டில். எனக்குப் பொறுக்கவில்லை. இயல்பிலேயே பதற்றம் கூடியவர்கள் மீண்டு வர அதிக காலம் எடுக்கலாம், சரி. அதற்காக அடித்தவர்களின் குற்றத்தை இவன் சுபாவத்தின் மேல் போடுவதா? அமெரிக்காவில் உளவியலாளர் கிரெகரி ஹெரெக் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வெறுப்பால் தாக்கப்பட்ட தற்பாலீர்ப்பாளர்களுக்கு, வேறு குற்றங்களில் பாதிக்கப்பட்ட தற்பாலீர்ப்பாளர்களைவிட மனச்சோர்வும் கோபமும் பதற்றமும் கூடுதலாகவே இருந்தன.

பொலிஸுக்குப் போகவும் பயப்படுகிறான். தண்டனைச் சட்டக்கோவையில் தற்பாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் இருக்கிறதே.

மனநல உதவிக்கு 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று தெரியும். அவனுக்கு நேரில், தமிழில் கதைக்க ஒருவர் வேண்டும். அவனை மாற்றப் பார்க்காத, விஷயத்தை வெளியே விடாத ஒருவர். அப்புறம், இப்படியான முறைப்பாடுகளைக் கையாண்ட சட்டத்தரணி யாரையாவது தெரிந்தாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். அவன் யார் என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.